கணப்பு மேல் ஒரு கொலு

டி.வி. பெட்டி தட்டையாகிச் சுவரில் ஏறியபோது நம் வீடுகள் சத்தமில்லாமல் ஒன்றை இழந்தன. அதன் தலையை! அந்தத் தலைமேல்தானே கல்யாணப் பரிசாக வந்த தாஜ்மகால், சிங்கப்பூரிலிருந்து யாரோ வாங்கிவந்த மெர்லயன், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை, பையன் மூன்றாம் வகுப்பில் ஜெயித்த கோப்பை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன? அடியில் குரோஷா பின்னிய துணி வேறு. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். குடும்ப கௌரவம் மொத்தமும் இரண்டடி அகலத்தில்!

மேல்நாட்டுக்காரர்களுக்கு அந்த இரண்டடி வேறு இடத்தில் இருந்தது. குளிர் காய்வதற்காகச் சுவரில் கட்டிய கணப்பு, அதாவது ஃபயர் ப்ளேஸ். அதன் தலைக்கு மேலே மரத்திலோ பளிங்கிலோ ஒரு பலகை. பெயர் மேன்டல்.

செப்டம்பர் கடைசியில் இலைகள் பழுக்க ஆரம்பித்தால் போதும், அமெரிக்க வீடுகளில் இந்தப் பலகைக்கு வேஷம் கட்டுவார்கள். சிவந்த மேப்பிள் இலைகளில் ஒரு தோரணம். குட்டிக் குட்டிப் பூசணிகள். காய்ந்த சோளக்கதிர், பைன் காய்கள், நடுவில் இரண்டு மெழுகுவர்த்தி. பெண்கள் பத்திரிகைகளைப் புரட்டினால் வருஷா வருஷம் ஒரே கட்டுரைதான்: 'குறைந்த செலவில் உங்கள் மேன்டலை அலங்கரிப்பது எப்படி?'

கேட்பதற்கு ரொம்ப சாதுவான கேள்வி. ஆனால், அந்தக் 'குறைந்த செலவு' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ராஜா, ராணி, வரி, தீ விபத்து, புலி, கொலைகாரன்... எல்லாரும் வருகிறார்கள். நாம் எதிர்பார்க்காத இரண்டு சிறுவர்களும் வருகிறார்கள். வாருங்கள், பலகையில் ஏறிப் பார்த்துவிடலாம்.

*

முதலில் புகைபோக்கியே கிடையாது.

பழைய இங்கிலாந்தில் வீட்டு நடுக்கூடத்தில் தரையிலேயே தீ மூட்டுவார்கள். புகை தன்னிஷ்டத்துக்கு எழும்பி, கூரையில் இருக்கும் ஓட்டை வழியாகவோ சந்து வழியாகவோ வெளியே போகும். போகாவிட்டால் வீட்டுக்குள்ளேயே சுற்றும். பிரபு வீடானாலும் இதே கதைதான். கண் எரிச்சலில் ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை.

புகைபோக்கி சாதாரண வீடுகளுக்கு வந்தது 16-ம் நூற்றாண்டில். வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார் 1577-ல் இங்கிலாந்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தன் ஊர்க் கிழவர்கள் எதைப் பார்த்து அதிசயித்தார்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். முதல் அதிசயம், திடீரென்று முளைத்துவிட்ட இத்தனை புகைபோக்கிகள்! அடுத்தவை, வசதியான படுக்கையும் மரத் தட்டுக்குப் பதில் வந்த ஈயக் கலப்புத் தட்டும்.

நடுக்கூடத்துத் தீ இப்படிச் சுவருக்கு நகர்ந்தது. புகை அறைக்குள் பரவாமல் பிடித்து மேலே அனுப்ப, தீயின்மேல் ஒரு முக்காடு கட்டினார்கள். மேன்டல் என்ற சொல்லுக்கே போர்வை, மேலங்கி என்ற சொல்லோடுதான் உறவு. முக்காட்டைத் தாங்க ஒரு கனமான உத்தரம். உத்தரத்தின் விளிம்பு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் எந்த விளிம்பையும் பெண்கள் சும்மா விட்டதாகச் சரித்திரம் உண்டா? உப்பு ஜாடி ஏறியது. மெழுகுவர்த்தி ஏறியது. அலமாரி பிறந்துவிட்டது.

*

மக்கள் சௌகரியமாக இருப்பது தெரிந்தால் கஜானாவுக்கு மூக்கு வேர்க்கும். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னருக்கு வேர்த்தது 1662-ல். 'கணப்பு வரி' போட்டார். ஒரு கணப்புக்கு வருஷத்துக்கு இரண்டு ஷில்லிங். இரண்டு தவணை. ஒன்று மார்ச் 25-ல், இன்னொன்று செப்டம்பர் 29-ல். பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு.

யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு இலையுதிர் காலம் தொடங்கினால் மேன்டலுக்குத் தோரணம். அன்றைக்கு இலையுதிர் காலம் தொடங்கினால் அதே மேன்டலுக்கு வரி!

வரியைவிட ஜனங்களுக்கு எரிச்சல் தந்தது வசூல் முறை. வீட்டுக்குள் எத்தனை கணப்பு என்று எண்ணினால்தானே வரி போட முடியும்? எண்ண வேண்டுமென்றால் உள்ளே வர வேண்டும். 'சிம்னி ஆள்' என்று ஜனங்கள் பெயர் வைத்த அதிகாரி, கூடம், சமையலறை, படுக்கையறை என்று சகல இடத்திலும் புகுந்து எண்ணினார்.

ஜனங்களும் லேசுப்பட்டவர்களா? கணப்பைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், மறைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் சர்ச்சில் என்று ஒரு கிராமம். அங்கே ரொட்டி சுட்டு விற்ற ஒரு பெண்மணி இன்னும் ஒரு படி மேலே போனார். தனியாகப் புகைபோக்கி வைத்தால்தானே வரி? சுவரில் ஓட்டை போட்டு, தன் அடுப்பைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியோடு இணைத்துவிட்டாராம். 1684-ல் தீ பிடித்தது. இருபது வீடுகள் சாம்பல். நான்கு பேர் இறந்துபோனார்கள். மிச்சம் பிடிக்க நினைத்ததோ இரண்டு ஷில்லிங்.

பிறகு அந்தக் கிராமத்தைச் சற்று மேட்டில், கல்லால் திரும்பக் கட்டினார்கள். அங்கே 1732-ல் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் வாரன் ஹேஸ்டிங்ஸ். ஆமாம், அவரேதான்! வங்காளத்தின் கவர்னர் ஜெனரல் ஆவதற்கு முன்னால், சென்னை ஜார்ஜ் கோட்டையில் சில வருஷம் கவுன்சில் உறுப்பினராக இருந்த அதே ஹேஸ்டிங்ஸ். வரி ஏய்ப்பில் எரிந்த ஊரில் பிறந்தவர், பிற்பாடு இந்தியாவில் வரி வசூலித்தார்.

1689-ல் மூன்றாம் வில்லியமும் ராணி இரண்டாம் மேரியும் சேர்ந்து அரியணை ஏறினார்கள். ஏறிய வேகத்தில் கணப்பு வரி ஒழிக்கப்பட்டது. முன்பின் தெரியாத ஆள் வீட்டுக்குள் நுழைந்து துழாவுவது ஜனங்கள்மீது அடிமைச் சின்னம் குத்துவது போன்றது என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

கணப்பு சுதந்திரம் அடைந்தது. அடுத்தது அலங்காரம்தானே?

*

அதையும் தொடங்கி வைத்தவர் அதே மேரி ராணி.

மேரிக்குக் கல்யாணமாகி ஹாலந்தில் பன்னிரண்டு வருஷ வாசம். டச்சுக் கப்பல்கள் சீனத்துப் பீங்கானை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிய காலம் அது. மேரிக்குப் பீங்கான் பைத்தியம் பிடித்தது. லண்டனுக்குத் திரும்பியபோது பைத்தியமும் கூடவே வந்தது. ஜாடி, கிண்ணம், குவளை என்று அலமாரித் தலையிலும் கணப்புப் பலகையிலும் கூரை தொடுமளவுக்கு அடுக்கினார்.

'ராபின்சன் குரூசோ' எழுதிய டேனியல் டீஃபோவுக்கு இதில் செம கோபம். 1720-களில் எழுதிய தன் பயண நூலில், இந்தப் பீங்கான் அடுக்கும் பழக்கத்தை நாட்டுக்குள் கொண்டுவந்ததே மேரி ராணிதான் என்கிறார். இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. நம்ம ஊர் மசூலிப்பட்டினத்துச் சீட்டித் துணி மோகத்தையும் ராணிதான் கிளப்பிவிட்டாராம். ராணி கட்டினால் சீமாட்டி கட்டுவாள், சீமாட்டி கட்டினால் வேலைக்காரி கட்டுவாள். உள்ளூர் நெசவாளி என்ன ஆவான் என்பது டீஃபோவின் கவலை.

அவர் கவலைப்பட்டது சரியோ தப்போ, கவனித்தது ரொம்பச் சரி. ஆசை மேலிருந்து கீழே படியிறங்கும். பீங்கானும் அப்படித்தான் இறங்கியது. மூடி போட்ட ஜாடி மூன்று, வாய் விரிந்த குவளை இரண்டு, ஆக மொத்தம் ஐந்து. இதுதான் மேன்டலுக்கான 'செட்'. பெரிய இடத்து வீடுகள் இதற்காகச் சீனாவில் ஆர்டர் கொடுத்துக் காத்திருந்தன.

ஆனால், எல்லாருக்கும் கப்பலில் ஆர்டர் கொடுக்கும் வசதி ஏது?

இந்த இடத்தில்தான் ஜோசையா வெட்ஜ்வுட் வருகிறார். ஸ்டாஃபோர்டுஷயர் குயவர் குடும்பத்துப் பிள்ளை. அம்மையால் பாதிக்கப்பட்டு பிற்பாடு ஒரு காலை இழந்தவர். நான் காமர்ஸ் படித்தவன். என்னைக் கேட்டால், மார்க்கெட்டிங் பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இவர் படத்தைத்தான் போட வேண்டும். 1765-ல் சார்லட் ராணிக்கு ஒரு டீ செட் செய்து கொடுத்தார். அந்த ரகத்துக்கு 'ராணிச் சாமான்' என்றே பெயர் வைத்து ஊருக்கெல்லாம் விற்றார். 1769-ல் எட்ரூரியா என்ற பெயரில் புதுத் தொழிற்சாலை. அலங்கார ஜாடிகளுக்கு அப்படி ஒரு கிராக்கி.

1772-ல் அவர் தன் கூட்டாளி தாமஸ் பென்ட்லிக்கு எழுதிய ஒரு யோசனையின் சாரம் இதுதான்: பெரிய மனிதர்கள் வீட்டில் நம் ஜாடிகள் போதுமான அளவு நின்றுவிட்டன. நடுத்தர மக்களும் பார்த்து ஏங்கியாகிவிட்டது. அவர்கள் கூட்டம் பெரிது. இனி விலையைக் குறைத்தால் அவர்கள் வாங்குவார்கள்.

முதலில் கௌரவத்தை விற்க வேண்டும். அப்புறம் விலையைக் குறைக்க வேண்டும். இரண்டரை நூற்றாண்டு ஆகியும் கடைத்தெருவில் இதே சூத்திரம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இல்லையா?

*

நடுத்தர வர்க்கம் வரை ஆசை இறங்கிவிட்டது. அதற்கும் கீழே?

சுரங்கத் தொழிலாளி வீட்டிலும் கணப்பு உண்டு. பஞ்சாலைப் பெண் வீட்டிலும் உண்டு. சமையல், குளியல் வெந்நீர், துணி காயப்போடுவது எல்லாம் அந்த ஒரே கணப்பில்தான். அதன்மேலும் ஒரு பலகை இருந்தது. அதன்மேல் வைக்கக் காசுதான் இல்லை.

விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த 1837-ஐ ஒட்டி, ஸ்டாஃபோர்டுஷயர் குயவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேன்டல் பொம்மை எங்கே நிற்கப்போகிறது? சுவரை ஒட்டி. சுவரை ஒட்டி நிற்கும் பொம்மையின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? யாரும் இல்லை. அப்படியானால் முதுகுக்கு எதற்கு மூக்கும் முழியும், வர்ணமும்?

அவ்வளவுதான். முன்பக்கம் ஜிலுஜிலு, பின்பக்கம் வெறும் தட்டை. இரண்டே அச்சு, களிமண்ணை அழுத்தி ஒட்டினால் பொம்மை ரெடி. வர்ணம் பாதி மிச்சம், நேரம் பாதி மிச்சம். 'ஃப்ளாட்பேக்', தட்டை முதுகு என்றே இந்தப் பொம்மைகளுக்குப் பெயர். சந்தையிலும் திருவிழாக் கடையிலும் தலைச்சுமைக்காரர்களிடமும் சில பென்னிக்குக் கிடைத்தன.

கொலுவுக்கு பொம்மை வாங்கிய கை நமக்கு. அந்தச் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. யார் யார் கொலுவிருந்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் ஜோடியாக. நெல்சன். வெலிங்டன். அவர் ஜெயித்த நெப்போலியனும் கூடவே! கிரிமியப் போர்த் தளபதிகள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். இத்தாலிய வீரர் கரிபால்டி. குதிரைக் கொள்ளைக்காரன் டிக் டர்பின். எல்லாவற்றுக்கும் மேலாக, காது தொங்கும் ஸ்பானியல் நாய்கள். மேன்டலின் இரண்டு கோடியிலும் ஒன்றையொன்று பார்த்தபடி.

செய்தித்தாள் படிக்கத் தெரியாத வீட்டுக்கு இதுதான் செய்தித்தாள். 1848-ல் நார்ஃபோக்கில் ஜேம்ஸ் ரஷ் என்ற குத்தகை விவசாயி, தன் நிலச் சொந்தக்காரரையும் அவர் மகனையும் சுட்டுக் கொன்றான். மறு வருஷம் தூக்கு. ஊரே அதைத்தான் பேசியது. உடனே ரஷ் பொம்மை வந்துவிட்டது. அவன் குடியிருந்த பண்ணை வீடு தனி பொம்மை, கொலை நடந்த மாளிகை தனி பொம்மை! கொலைகாரனையும் ராணியையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவைப்பதில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அச்சு ஒன்று, ஆள் பல என்ற வேலையும் நடந்தது. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் பொம்மைக்கு அடியில் 'வாஷிங்டன்' என்று எழுதி விற்றிருக்கிறார்கள். இன்றைக்கும் மியூசியத்தில் அப்படியே நிற்கிறது. ஸ்டாஃபோர்டுஷயரில் வாஷிங்டனை நேரில் பார்த்தவர் யார் இருக்கப்போகிறார்கள்?

நம் தேசமும் அந்தப் பலகையில் உண்டு. 1857 கிளர்ச்சியை அடக்கிய ஹேவ்லாக் பொம்மை அமோகமாக விற்றது. அதற்கும் முன்னால், தட்டை முதுகு ரகம் வருவதற்கு முன்பே ஒரு பொம்மை. ஒரு பெரிய புலி. அதன் வாயில் ஒரு வெள்ளைக்காரனின் தலை. கீழே 'மன்றோவின் மரணம்' என்று எழுத்து.

யார் இந்த மன்றோ? அண்ணாசாலையில் குதிரைமேல் இருக்கிறாரே, அவர் இல்லை. இவர் சர் ஹெக்டர் மன்றோவின் மகன். 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் துவம்சம் செய்தார்கள். உதவிக்குப் போய்ச் சேராத ஹெக்டர் மன்றோ, பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1792-ல் வங்காளத்தின் சாகர் தீவில் வேட்டைக்குப் போன அவர் மகனைப் புலி கவ்விக்கொண்டு போனது. லண்டனில் இருக்கும் புகழ்பெற்ற 'திப்புவின் புலி' இயந்திர பொம்மைக்கு இந்தச் சம்பவமே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பயங்கரம், குயவர் கைக்கு வந்து இங்கிலீஷ்காரன் வீட்டு அலங்காரமாகிவிட்டது!

*

சரி. சில பென்னிக்கு ஒரு ராணி, ஒரு நாய், ஒரு கொலைகாரன். எப்படிக் கட்டுப்படியானது?

தட்டை முதுகு பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்துக்கு வயது ஏழு, எட்டு, ஒன்பது.

சார்லஸ் ஷா என்பவர் 1832-ல் ஸ்டாஃபோர்டுஷயரின் டன்ஸ்டால் ஊரில் பிறந்தவர். ஏழு வயதில் மட்பாண்டத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். அச்சு தூக்கி ஓடும் வேலை. கைவினைஞர் களிமண்ணை அச்சில் வைத்து முடித்ததும், சிறுவன் அதைத் தூக்கிக்கொண்டு அனல் பறக்கும் காய்ச்சல் அறைக்கு ஓட வேண்டும். வைத்துவிட்டு, காய்ந்ததை எடுத்துக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். காலை ஐந்து, ஐந்தரைக்குத் தொடங்கினால் மாலை ஆறு, ஏழு, சில நாள் எட்டு வரை. சம்பளம், வாரத்துக்கு ஒரு ஷில்லிங்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு ஷில்லிங் என்றால் 12 பென்னி. நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 72 மணி நேரம். ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு பென்னி.

1842-ல் குடும்பம் நொடித்து, ஷா ஏழைகள் விடுதியில் அடைக்கப்பட்டார். வெளியே வந்ததும் போய்ச் சேர்ந்த வேலை என்ன தெரியுமா? பொம்மைத் தொழிற்சாலை! மேன்டலுக்கான பொம்மைகளைச் செய்தவர்களில் அவரும் ஒருவர். விளையாடுகிற வயதில், யார் வீட்டு அலமாரிக்கோ பொம்மை.

வயதான பிறகு அவர் எழுதிய நினைவுகள், அவர் பெயர் போடாமல், 'ஒரு பழைய குயவர்' என்ற புனைபெயரில் 1903-ல் புத்தகமாக வந்தன. நாவலாசிரியர் ஆர்னால்டு பென்னட் அதிலிருந்து எடுத்துத்தான் 1910-ல் வந்த 'கிளேஹேங்கர்' நாவலில் ஒரு சிறுவனின் கதையை எழுதினார்.

ஷா மட்டும் சொன்னால் ஒருவேளை மிகை என்று தோன்றலாம். 1841-ல் சாமுவேல் ஸ்கிரிவன் என்ற அரசு விசாரணை அதிகாரி அதே வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்குள் போய்ச் சிறுவர்களிடமே வாக்குமூலம் வாங்கினார். அச்சு தூக்குபவர்கள், பொம்மை அழுத்துபவர்கள், ஈயம் கலந்த மெருகுத் தொட்டியில் கை நனைப்பவர்கள்... எல்லாரும் அந்த அறிக்கையில் பேசுகிறார்கள். பளபளப்பு தருவது ஈயம். கையை முடக்குவதும் அதே ஈயம். அறிக்கை வந்தும், மட்பாண்டத் தொழிலுக்குத் தொழிற்சாலைச் சட்டம் நீட்டிக்கப்பட்டது 1864-ல்தான். எட்டு வயதுக்குக் கீழே வேலை கூடாது, பதின்மூன்று வயது வரை அரை நாள் வேலை, அரை நாள் பள்ளி. இருபத்து மூன்று வருஷம் கழித்து!

*

ஒரு சிறுவன் மேன்டலுக்கு மேலே இருப்பதைச் செய்தான். இன்னொரு சிறுவன் மேன்டலுக்குப் பின்னாலேயே இருந்தான்.

நிலக்கரி வந்த பிறகு புகைபோக்கிகள் ஒடுங்கிப்போயின. ஒன்பது அங்குலத்துக்குப் பதினான்கு அங்குலம் என்பது சாதாரண அளவு. அதைவிடக் குறுகலானதும் உண்டு. உள்ளே சேரும் கரியைச் சுரண்டாவிட்டால் தீப்பிடிக்கும். குளிர்காலம் வருவதற்குள் சுரண்டியாக வேண்டும். அந்தப் பொந்துக்குள் எந்தப் பெரியவனால் ஏற முடியும்? ஐந்து வயது, ஆறு வயதுப் பையன்களை ஏற்றினார்கள். முழங்கையும் முழங்காலும்தான் ஏணி.

1788-ல் எட்டு வயதுக்குக் கீழே ஏற்றக்கூடாது என்று சட்டம் வந்தது. 1803-லேயே ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் நீளக் கழி பூட்டிய பிரஷ் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். பையனே வேண்டாம்! ஆனால், கோணல்மாணலான பழைய புகைபோக்கிகளில் பிரஷ் திரும்பாது. திரும்ப வேண்டுமென்றால் சுவரை இடித்துக் கொஞ்சம் மாற்றிக் கட்ட வேண்டும். யார் செலவு செய்வது? 1819-ல் தடை மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது. 1834-ல் ஒரு சட்டம். 1840-ல் இன்னொன்று, 21 வயதுக்குக் கீழ் யாரும் ஏறவே கூடாது என்று. எதையும் யாரும் மதிக்கவில்லை.

1875 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற 11 வயதுச் சிறுவன் சிக்கிக்கொண்டான். சுவரை உடைத்து வெளியே எடுத்தும் பிழைக்கவில்லை. ஏற்றியவருக்கு ஆறு மாதச் சிறை. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு விடாப்பிடியாக நின்று, போலீஸ் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் இந்தத் தொழில் செய்யக்கூடாது என்று அதே வருஷம் சட்டம் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் ஓய்ந்தது. பிரஷ் வந்து 72 வருஷம் ஆகியிருந்தது.

'குறைந்த செலவு' என்றால் செலவு காணாமல் போவதில்லை. வேறு யார் கணக்கிலோ எழுதப்படுகிறது. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது தெரியும். ஒரு பக்கம் வரவு என்றால் எங்கேயோ ஒரு பற்று இருந்தே தீரும்.

*

அப்படியானால் ஏழை வீடு அலங்காரமே செய்யக்கூடாதா?

அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் இரண்டு சகோதரிகள் இந்தக் கேள்விக்கு அழகாகப் பதில் சொன்னார்கள். கேதரின் பீச்சர், ஹாரியட் பீச்சர் ஸ்டோ. இதில் ஹாரியட்டை உங்களுக்குத் தெரியும். 1852-ல் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதி, அடிமை முறைக்கு எதிராக அமெரிக்காவையே உலுக்கியவர். அந்த நாவலின் டாமும் குட்டிப் பெண் ஈவாவும்கூட ஸ்டாஃபோர்டுஷயர் பொம்மைகளாக மேன்டல் ஏறினார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1869-ல் சகோதரிகள் சேர்ந்து 'அமெரிக்கப் பெண்ணின் வீடு' என்ற புத்தகம் எழுதினார்கள். அதில் வீட்டு அலங்காரத்துக்கென்றே ஒரு அத்தியாயம். பைசா சுத்தமான பட்ஜெட்டோடு!

ஒரு தம்பதியிடம் கூடத்துக்குக் கம்பளம் வாங்க 80 டாலர் இருக்கிறது. கம்பளம் வாங்கினால் தீர்ந்தது கதை, வேறு எதுவும் வாங்க முடியாது. வேண்டாம் என்கிறார்கள் சகோதரிகள். சுவர்க் காகிதம் 5.50 டாலர். முப்பது கஜம் பாய் விரிப்பு 15. நடு மேஜையும் துணியும் 15. மூன்று ஜன்னலுக்கு மஸ்லின் 6.75. முப்பது கஜம் பச்சைச் சீட்டி 7.50. ஆறு நாற்காலி 12. கூட்டினால் 61.75. அறை முழுக்க முடிந்தது, கையில் 18.25 மிச்சம். அதில் அச்சிட்ட படங்கள் வாங்குங்கள். சட்டத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், பட்டை உரிக்காத மரக்கிளை, பைன் காய் இவற்றை வைத்து நீங்களே செய்துகொள்ளுங்கள்.

அந்தக் கால அமெரிக்கப் பெண்கள் இலையுதிர் காலத்தில் இன்னொன்றும் செய்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாய் உதிரும் இலைகளைப் பொறுக்கி, மெழுகு தடவி இஸ்திரி போட்டுச் சுவரிலும் மேன்டலிலும் செருகினார்கள். நிறம் மாதக்கணக்கில் இருக்கும். மரத்துக்குக் கூலி கிடையாது.

பூசணி வந்த வழியும் சுவாரஸ்யம். அது மெக்சிகோவில் சுமார் 10,000 வருஷத்துக்கு முன்பே விளைந்த பயிர். அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்து விளக்கு ஏற்றியவர்கள், 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறியபோது பூசணியைப் பார்த்தார்கள். டர்னிப்பைவிடப் பெரிசு, குடைவதும் சுலபம்! 1863-ல் லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். ஹாலோவீன் முதல் நன்றி நாள் வரை மேன்டலில் பூசணிக்கு நிரந்தர இடம் கிடைத்துவிட்டது.

இதே பூசணிக்குத் தமிழில் என்ன பெயர்? பரங்கிக்காய். பரங்கியர் கொண்டுவந்த காய். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியர் கப்பல் ஏறி நம் ஊருக்கு வந்ததை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. அவர்கள் காயை மேன்டலில் வைத்தார்கள். நாம் பூவை மார்கழிக் கோலத்தில் வைத்தோம்.

*

1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைப்பனியில் அந்த நாட்களிலேயே சுமார் 4,000 பேர் இறந்தார்கள். 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கேஸும் மின்சாரமும் வந்தன. கணப்புகளைப் பலகை அடித்து மூடினார்கள். 2023 மே மாதத்தோடு, வீட்டில் எரிக்கும் சாதாரண நிலக்கரியை விற்பதே இங்கிலாந்தில் தடை செய்யப்பட்டுவிட்டது.

தீ போய்விட்டது. பலகை போகவில்லை! புகைபோக்கியே இல்லாத ஃப்ளாட்டில்கூட சுவரில் வெறும் மேன்டலை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கும் அக்டோபரில் தோரணம் உண்டு. நம் டி.வி. தலை போனதும் ஷோகேஸ் தேடினோமே, அதே கதைதான். மனிதனுக்குக் குளிர் காய வேறு வழி கிடைத்துவிடும். தன் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் பெருமைப்பட அவனுக்கு ஒரு பலகை வேண்டும். சுரங்கத் தொழிலாளியின் மனைவி சில பென்னி சேர்த்து வாங்கிய அந்த ஸ்பானியல் நாய் ஜோடியை யாரும் கேலி செய்ய முடியாது. நாள் முழுக்கக் கரியோடு மல்லாடும் வீட்டில் அது ஒன்றுதான் வெள்ளையாக இருந்தது.

அந்தப் பொம்மைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். விவரம் தெரிந்தவர் முகத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய மாட்டார். அசலா, பின்னாளில் செய்த போலியா என்று தெரிந்துகொள்ள முதலில் பொம்மையைத் திருப்பி முதுகைப் பார்ப்பார். கூர்ந்து தேடினால், ஈரக் களிமண்ணை அச்சில் அழுத்திய விரல்களின் தடம் சில பொம்மைகளில் அப்படியே இருக்கும்.

அதில் சில தடங்கள் ரொம்பச் சின்னவை.